பன்னீரும் பனீரும்

பத்துமலை அடிவாரத்துச் சைவ உணவகங்களிலும், பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் ஆகிய இடங்களின் கடைத்தெருக்களிலும் இன்று பெருவழக்காயுள்ள உணவுப் பெயர்களுள் ‘பன்னீர்’ என்பதும் ஒன்று. பாலைத் திரியச் செய்து, நீரை வடித்து, துணியிற் கட்டி அழுத்திய வெண்ணிறக் கட்டியை இப்பெயரால் குறிக்கின்றனர். அதே பத்துமலையில் 272 படிகளையும் ஏறி மேலே சென்றால், குகைக் கோயிலில் முருகப்பெருமானுக்குரிய அபிடேகப் பொருள்களிலும் ‘பன்னீர்’ உண்டு. அது ரோசா மலரினின்றும் வடித்த மணநீர். கீழே உள்ளது உண்ணும் பன்னீர். மேலே உள்ளது ஆட்டும் பன்னீர். ஒன்று கட்டி, மற்றொன்று நீர். எழுத்தில் மட்டும் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை.

இவை ஒரு சொல்லா, இரு சொற்களா? மாணவன் ஒருவன் தன் கட்டுரையில் ‘பன்னீர்க் குருமா’ என்று எழுதினால் ஆசிரியர் அதைத் திருத்துவதா, விட்டுவிடுவதா? எழுத்துக்கூட்டல் பற்றிய சிறு வினா போல இது தோன்றும். அவ்வளவில் நிற்பதன்று. தைப்பூசத்துக்காக 48 நாள் நோன்பு பூண்டு புலால் நீக்கி உண்ணும் அன்பர் ஒருவர், தமக்குப் பரிமாறப்படும் பாற்கட்டி எதனால் உறைய வைக்கப்பெற்றது என்று அறிய விரும்பினால், அவருக்குக் கிடைக்கும் முதற் குறிப்பு அப்பண்டத்தின் பெயரேயாகும். அப்பெயரோ குழம்பிக் கிடக்கின்றது. அக்குழப்பம் எவ்வாறு நேர்ந்தது என்பதை முறையாகக் காண்போம்.

முதலில் பழைய பன்னீர். இது பனி, நீர் என்னும் இரு சொற்களின் சேர்க்கை. இகரம் கெட, னகரத்தின் பின் வந்த நகரம் னகரமாகத் திரிந்து ‘பன்னீர்’ ஆயிற்று. இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. மலையாளத்தார் இன்றும் ‘பனிநீர்’ என்றே இகரம் குறையாமல் சொல்லுகின்றனர். கன்னடத்திலும் தெலுங்கிலும் ‘பன்னீரு’ என்று வழங்குகின்றது. தண்ணீர், வெந்நீர், கண்ணீர், செந்நீர், இளநீர் எனத் தமிழில் நீர் என்பதை ஈறாகக் கொண்ட சொற்கள் ஒரு பெருங்குடும்பம். பன்னீர் அக்குடும்பத்திற் பிறந்த பிள்ளை.

இலக்கணம் கற்றோர் இவ்விடத்தில் வேறு பிரிப்புகளையும் நினைவுகூர்வர். பல், நாள் என்பன சேர்ந்து ‘பன்னாள்’ ஆவது போலப் பல், நீர் என்பன சேர்ந்தும் ‘பன்னீர்’ ஆகலாம். பன்னிரண்டு என்னும் எண் ‘பன்னீராயிரம்’, ‘பன்னீராண்டு’ என்று நீண்டு வருதலும் உண்டு. ஆகவே எழுத்தை மட்டும் நோக்கினால் பன்னீர் என்பது குளிர்ந்த நீராகவும், பல நீராகவும், பன்னிரண்டின் சிதைவாகவும் தோன்றக்கூடும். இடமும் பொருளுமே தெளிவு தருவன.

இந்த மூன்றாவது தோற்றம் முருக வழிபாட்டில் ஓர் அழகிய கதையையே வளர்த்திருக்கின்றது. திருச்செந்தூர்க் கோயிலில் திருநீற்றைப் பன்னீர் மரத்தின் இலையில் வைத்துத் தருவது வழக்கம். ‘இலை விபூதி’ என்பது அதன் பெயர். அவ்விலையில் பன்னிரண்டு நரம்புகள் உள்ளன என்றும், அவை ஆறுமுகனின் பன்னிரு கரங்களைக் குறிக்கும் என்றும், அதனாலேயே அது ‘பன்னீர்’ இலை ஆயிற்று என்றும் அடியார்கள் சொல்லுவர். கடற்கரைப் பகுதிகளில் வளரும் அம்மரத்தின் வெண்ணிறப் பூ நறுமணம் வீசுவது. மணநீரின் பெயர் மணமலர் மரத்துக்கு ஏறியது என்று கொள்வதே சொல்லாராய்ச்சிக்குப் பொருந்தும். எனினும் இலையைக் கையில் வாங்கும் அடியாரிடம் சென்று இதைச் சொல்லுவது பண்பாகாது. நம்பிக்கை சொல்லின் பிறப்பைக் கேட்டு நடப்பதன்று.

இனி, பன்னீர் என்னும் பெயர் தமிழாயினும் அப்பொருள் தமிழகத்தில் தோன்றியதன்று. ரோசா மலரை நீரிலிட்டுக் கொதிக்கவைத்து, எழும் ஆவியை வாலையில் வடித்து மணநீராக்கும் தொழிலிற் பெயர்பெற்றவர்கள் பாரசீகர்கள். ஈரான் நாட்டில் காஷான் என்னும் நகரை அடுத்த ஊர்களில் இத்தொழில் இன்றும் சிறப்புற நடைபெறுகின்றது. அவர்கள் அந்நீரைக் ‘குலாப்’ என்றனர். ‘குல்’ என்றால் மலர். ‘ஆப்’ என்றால் நீர். இச்சொல் வடஇந்திய மொழிகளுக்குள் வந்தபோது ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. மணநீரின் பெயர் மலருக்கே ஆகிவிட்டது. இந்தியில் குலாப் என்றால் ரோசா மலர். மணநீருக்கோ ‘குலாப் ஜல்’ என்று மீண்டும் ஒரு நீரைச் சேர்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று. நாம் தீபாவளிக்கு வாங்கும் குலாப் ஜாமூன், மணநீர் கலந்த பாகில் ஊறுவதால் அப்பெயர் பெற்றது. அரபியர் வாயில் குலாப் ‘ஜுலாப்’ ஆகி, மருந்துப் பாகுக்குப் பெயராகி, பின்னர் உருதுவில் பேதி மருந்தையே குறிக்கலாயிற்று. மணமலர் நீர் எங்கே, பேதி மருந்து எங்கே!

இதே வேடிக்கை நாம் வாழும் இந்நாட்டு மொழியிலும் நிகழ்ந்திருப்பதை அன்பர்கள் கருதுவாராக. மலாய் மொழியில் ரோசா மலருக்கு ‘மாவார்’ என்பது பெயர். இஃது அரபியில் மணநீரைக் குறிக்கும் ‘மாவர்த்’ என்பதன் திரிபு. அதில் ‘மா’ என்பதே நீர். ‘வர்த்’ என்பதே மலர். மலாய்க்காரர் மணநீரை ‘ஆயேர் மாவார்’ என்பர். முன்னும் ஒரு நீர், உள்ளும் ஒரு நீர். மலையாளத்திலும் ‘பனிநீர்ப்பூ’ என்றால் ரோசாதான். இந்தி, மலாய், மலையாளம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று பாராமலே நீரின் பெயரை மலருக்கு ஏற்றிவிட்டன. செடியைக் காணுமுன் குப்பியைக் கண்ட மக்கள் வேறு என்ன செய்வர்? தமிழ் மட்டும் மலரை ரோசா என்றும் நீரைப் பன்னீர் என்றும் பிரித்தே வைத்துக்கொண்டது.

இங்கு நாம் மனங்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பாரசீகப் பொருளாகிய மணநீர் தென்னாட்டுக்கு வந்தபோது, நம் முன்னோர் ‘குலாப்’ என்னும் ஒலியைப் பிடித்துக்கொள்ளவில்லை. பொருளின் தன்மையைப் பார்த்தனர். குளிர்ச்சியுடையது, துளியாய்த் தெளிக்கப்படுவது; ஆகவே பனிநீர் என்றனர். திருமண வாயிலில் பன்னீர்ச்செம்பும் சந்தனக் கிண்ணமும் வைத்து விருந்தினரை வரவேற்கும்போது, அது வெளிநாட்டு வரவு என்னும் எண்ணமே நமக்குத் தோன்றுவதில்லை. பெயர் அவ்வாறு ஒட்டிக்கொண்டது.

மற்றொரு பாரசீக வரவாகிய பாற்கட்டியின் கதை இதற்கு மாறானது. ‘பனீர்’ என்பது பாரசீகத்தில் பாற்கட்டிக்குப் பொதுப்பெயர். இன்ன வகை என்னும் வரையறை அதற்கு அங்கு இல்லை. துருக்கியர் ‘பெய்னிர்’ என்பர். ஆர்மீனியர் ‘பனிர்’ என்பர். அசர்பைஜான் நாட்டார் ‘பெந்திர்’ என்பர். எல்லாம் ஒரே சொல்லின் கிளைகள். இதன் வேரைப் பழைய ஈரானிய மொழியிலும் வடமொழியிலும் பாலைக் குறிக்கும் ‘பயஸ்’ முதலிய சொற்களோடு இணைத்துக் கருதுவோர் உளர். அக்கருத்துப் பொருந்துமாயின், பயஸ் என்பதினின்றும் பிறந்த நம் பாயசத்துக்கும் பனீருக்கும் தொலைதூர உறவு உண்டு என்று சொல்லலாம்.

பாரசீகம் அரசவை மொழியாய் வழங்கிய வடஇந்தியாவில் பனீர் என்னும் சொல் ஊன்றியது. ஊன்றியபோது பொருள் சுருங்கியது. எலுமிச்சைச் சாறு, புளித்த மோர்நீர், காடி முதலிய புளிப்புப் பொருளைச் சூடான பாலில் விட்டுத் திரியச் செய்து, முதிரவிடாமல் புதிதாகவே உண்ணும் கட்டி ஒன்றுக்கே அப்பெயர் உரியதாயிற்று. புளிப்பால் திரிந்த கட்டி நெருப்பில் உருகாது. எண்ணெயிற் பொரித்தாலும் குழம்பிற் கொதித்தாலும் சதுரம் சதுரமாகவே நிற்கும். மேலைநாட்டுக் கட்டிகளுட் பல உருகி இழைவதும், இது உருகாமல் நிற்பதும் உறைய வைக்கும் முறையின் வேறுபாட்டால் விளைவன. இவ்வேறுபாட்டுக்குப் பின்னரும் வருவோம்.

வடக்கத்திச் சமையல் தமிழரிடையே பரவியபோது இந்தப் பனீரும் வந்தது. அப்போதுதான் நம் எழுத்து அதைப் ‘பன்னீர்’ ஆக்கியது. ஏன் ஆக்கிற்று?

இதற்கு விடை காண, பத்துமலை என்னும் பெயரையே ஒப்புநோக்குவது நலம். மலாயில் ‘பாத்து’ என்பதுபோல் ஒலிக்கும் சொல்லுக்குக் கல் என்பது பொருள். குன்றின் அருகே ஓடும் சுங்கை பத்து என்னும் ஆற்றின் பெயரே குகைகளுக்கும் ஆயிற்று. 1878-இல் அமெரிக்க இயற்கையியலார் வில்லியம் ஹார்னடே இக்குகைகளைப் பற்றி எழுதி வெளியுலகுக்கு அறிவித்தார். பின்னர்க் கோலாலம்பூர்த் தமிழ்ப் பெரியார் தம்புசாமிப் பிள்ளை அவர்களின் முயற்சியால் கோயில் எழுந்து, 1892 முதல் தைப்பூசம் கொண்டாடப்பெறுகின்றது. அறுபடை வீடுகளோடு இந்நாட்டின் கல்லுமலை, தண்ணீர்மலை, சன்னாசிமலை ஆகியவற்றையும் சேர்த்து எண்ணி, இதுவே பத்தாவது மலை என்று கூறும் வழக்கும் உண்டு. அது பத்தியின் கணக்கு. சொல்லின் கணக்கில் பத்து என்பது இங்கு எண்ணன்று, கல்லே. கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே ‘பத்து தீகா’ என்று ஓர் ஊர் இருக்கின்றது. ‘தீகா’ என்றால் மலாயில் மூன்று. பத்து என்றதை எண்ணாகக் கொண்டால் அங்குப் பத்தும் மூன்றும் சேர்ந்து நம்மைத் திகைக்க வைக்கும்!

ஆயின் பத்துமலை என்று எழுதியவர்மீது குறைகூற இடமில்லை. தமிழெழுத்தின் இயல்பு அத்தகையது. உயிர்களுக்கு இடையே தனித்து வரும் தகரம் மென்மையாக ஒலிக்கும். ‘பது’ என்று எழுதினால் மலாய்ச் சொல்லின் வல்லொலி போய்விடும். வல்லொலியைக் காக்க வேண்டுமாயின் தகரத்தை இரட்டித்தே தீரவேண்டும். இரட்டித்தால் ‘பத்து’ என்னும் எண்ணுப்பெயரே கண்முன் நிற்கும். ஆகவே எழுத்தின் கட்டாயத்தால் கல் எண்ணாயிற்று. வேறு வழி இருக்கவில்லை.

பனீருக்கோ அந்தக் கட்டாயம் சிறிதும் இல்லை. னகரம் தனித்து வந்தாலும் இரட்டித்து வந்தாலும் அதன் ஒலியின் தன்மை மாறுவதில்லை, அளவே மாறும். ‘பனீர்’ என்று எழுதினால் மூலச்சொல்லின் ஒலி ஏறத்தாழ அப்படியே கிடைத்துவிடும். அவ்வடிவம் தமிழ்ச் செவிக்குப் புறம்பானது என்றும் சொல்ல முடியாது. திடீர், பளீர், சுளீர், குபீர் என்று குறிலும் நெடிலுமாய் வந்து ‘ஈர்’ என முடியும் சொற்கள் நம் பேச்சில் எத்தனை! ஒரு நிரையசையாய் அமைந்த இச்சொல்லைத் தமிழ்நா தடையின்றிச் சொல்லும்.

பின் ஏன் இரட்டித்தது? ‘பன்னீர்’ என்னும் சொல் ஏற்கெனவே வீட்டில் இருந்தமையால்தான். புதிதாகக் கேட்ட ஒலியை, முன்பே அறிந்த சொல்லின் அச்சிலே வார்ப்பது மக்களின் இயல்பு. அதனோடு, ‘நீர்’ என்று முடியும் சொற்குடும்பம் ஒன்று இருப்பதால் அந்த ஈர்ப்பு இன்னும் வலுப்பெற்றது. பத்துமலையில் எழுத்து நம்மை நெருக்கியது. பன்னீரில் எழுத்து நம்மை நெருக்கவில்லை; பழக்கம் இழுத்துச் சென்றது. ஒன்று தவிர்க்க முடியாத மயக்கம். மற்றொன்று தவிர்க்கத்தக்க மயக்கம். தமிழாசிரியர் இவ்விரண்டையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது.

இன்றைய உணவுப் பட்டியல்களில் ‘பன்னீர் பட்டர் மசாலா’ என்று ஒரு பெயர் காணப்படுகின்றது. பழந்தமிழ்ப் புலவர் ஒருவர் எழுந்து வந்து இதைப் படித்தால், மணநீரும் கோயில் பட்டரும் மசாலையும் ஒரே சட்டியில் என்ன செய்கின்றன என்று வினவுவார். அவருக்கு விடை சொல்ல நம்மால் இயலாது.

சிரித்து விட்டுவிடத்தக்க மயக்கம் அது. சிரித்து விட முடியாத மயக்கமும் ஒன்று உளது. நாட்டு மருந்துக் கடைகளில் ‘பன்னீர்ப்பூ’ என்னும் பெயரால் ஓர் உலர்ந்த சரக்கு விற்கப்படுகின்றது. நீரிழிவுக்காரர்கள் அதை ஊறவைத்து அருந்துகின்றனர். பெயரைக் கேட்டவுடன் திருச்செந்தூர்ப் பன்னீர் மரத்தின் மணப்பூ என்றோ, ரோசா இதழ் என்றோ எண்ணத் தோன்றும். இரண்டும் அன்று. அது பூவும் அன்று, காய். அமுக்கிராவுக்கு இனமான ஒரு செடியின் காய். பஞ்சாப், சிந்து, ஆப்கானித்தானம் ஆகிய வறண்ட நிலப்பகுதிகளில் வளர்வது. அதன் காய்க்குப் பாலை உறைய வைக்கும் ஆற்றல் உண்டு. அதனால் அப்பகுதி மக்கள் பாற்கட்டி செய்ய அதைப் பயன்படுத்தினர். ‘பனீர் டோடி’ என்றும், இந்தியில் ‘பனீர் பூல்’ என்றும் பெயரிட்டனர். அதாவது பனீருக்கான பூ. அதைத் தமிழாக்கியவர் பனீரைப் பன்னீராக்கவே, பாலை உறைய வைக்கும் வடமேற்குச் செடி, பெயரளவில் திருச்செந்தூர் மரத்தோடு உறவாகிவிட்டது. மருந்துப் பெயரில் இத்தகைய மயக்கம் ஆகாது. ஒரே பெயரை நம்பி வேறு மரத்தின் பூவைப் பறித்து ஊறவைக்கும் நோயாளிக்கு, ஒரு னகரம் கூடியதா குறைந்ததா என்பது சிறு செய்தியன்று.

பாற்கட்டிக்கு மலாய் மொழியில் வழங்கும் பெயரையும் இங்கு நோக்குதல் தகும். மலாயில் அது ‘கேஜு’. இலத்தீன் மொழியின் ‘காசியுஸ்’ போர்த்துக்கேயத்தில் ‘கெய்ஜு’ ஆகி, 1511-இல் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரோடு கடல் கடந்து வந்தது. ஆங்கிலத்தின் ‘சீஸ்’, டச்சின் ‘காஸ்’ ஆகியவற்றுக்கும் அதே இலத்தீனே தாய். வெண்ணெய்க்கு மலாயில் ‘மெந்தேகா’ என்பதும் போர்த்துக்கேயமே. ஆனால் தயிருக்கு மலாயில் இரு பெயர்கள் உள்ளன. ஒன்று வடமொழித் ‘ததி’யினின்றும் வந்த ‘டாடி’, மற்றொன்று ‘தைரு’. பின்னது நம் தயிரே என்பதை யாரும் சொல்லித்தர வேண்டுவதில்லை. ஆக, தயிரைத் தமிழர் கொணர்ந்தனர். வெண்ணெயையும் பாற்கட்டியையும் பறங்கியர் கொணர்ந்தனர் என்று மலாய்ச் சொற்களே பேசுகின்றன.

போர்த்துக்கேயர் தமிழ்நாட்டுக் கரைக்கும் வந்தவர்களே. மேசை, ஜன்னல், அலமாரி, சாவி என அவர்கள் தந்த சொற்கள் நம் வீட்டில் நிறைந்துள்ளன. மலாய்க்காரரின் ‘மேஜா’, ‘ஜெண்டெலா’, ‘அல்மாரி’ ஆகியவை அவற்றின் உடன்பிறப்புகள். பாதிரியார் அந்தாவு தெ புரோவென்சா தொகுத்த தமிழ்-போர்த்துக்கேய அகராதி 1679-இல் மலையாளக் கரையின் அம்பலக்காட்டில் அச்சேறியது. வத்திக்கான் நூலகத்தில் எஞ்சியிருந்த அதன் படியைத் தனிநாயக அடிகளார் பதிப்பித்து, 1966-இல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் வழி இதே கோலாலம்பூரிலிருந்து வெளியிட்டார். இரு மொழிகளுக்கும் இடையே அவ்வளவு நெருக்கம் இருந்தும், ‘கெய்ஜு’ மட்டும் தமிழில் வேரூன்றவில்லை. மேசையும் ஜன்னலும் தேவைப்பட்டன, பாற்கட்டி தேவைப்படவில்லை. நம் சமையலறையில் பால் உறையலாம், திரியக்கூடாது. உறைந்தால் தயிர், திரிந்தால் கெட்டது. ‘பால் திரிந்துபோயிற்று’ என்று சொல்லும் அன்னையின் குரலில் வருத்தமே இருக்கும். வேண்டுமென்று பாலைத் திரித்து உண்ணும் மக்களின் சொல், அத்தகைய வீட்டில் புகுவது எங்ஙனம்?

வங்கத்தில் நிலைமை வேறு. ஊக்ளி ஆற்றங்கரையில் போர்த்துக்கேயர் குடியிருந்த பண்டேல் என்னும் ஊரின் பெயரால் ‘பண்டேல் சீஸ்’ என்று ஒரு பாற்கட்டி உண்டு. சிறு வட்டமாய், உப்புச் சுவை மிக்கதாய், கொல்கத்தாவின் நியூ மார்க்கெட்டில் இன்றும் விலைக்குக் கிடைப்பது. அவ்வூர்ப் பெயரைத் துறைமுகம் என்னும் பொருளுடைய ‘பந்தர்’ என்பதன் போர்த்துக்கேயத் திரிபாகக் கொள்வர். அதே பாரசீகப் பந்தர் மலாயில் நகரம் என்னும் பொருளில் ‘பண்டார்’ ஆகி, பண்டார் துன் ரசாக், பண்டார் தாசேக் செலாத்தான் என இந்நகர் முழுதும் விளங்குகின்றது. வங்கத்தில் பாற்கட்டியின் மேலும், கோலாலம்பூரில் இரயில் நிலையப் பலகையின் மேலும் ஒரே சொல் அமர்ந்திருப்பது இனிய செய்தி.

நம் அண்டை மொழியினர் பாற்கட்டிக்கு உள்நாட்டுச் சொல்லையே ஏற்றிக்கொண்டனர். தெலுங்கர் ‘ஜுன்னு’ என்பர். கன்னடர் ‘கிண்ணு’ என்பர். ஈன்ற பசுவின் முதற்பாலைக் காய்ச்ச, அது தானே கட்டியாகும் அல்லவா? அதற்குரிய பெயர்களே இவை. தமிழிலும் சீம்பால், கடும்புப்பால் என்னும் சொற்கள் உள்ளன. எனினும் நம்மவர் அவ்வழியிற் செல்லாமல் ‘பாலாடைக்கட்டி’ என்று புதிதாகப் படைத்தனர். இப்படைப்பு எனக்கு உவப்பானதன்று. பாலாடை என்பது காய்ந்த பாலின்மேற் படியும் ஏடு. பாற்கட்டி ஏட்டினாற் செய்யப்படுவதன்று. பால் முழுதும் திரிந்து, நீர் பிரிந்து, எஞ்சிய திரளையே கட்டியாகும். ஏட்டைக் கடைந்தால் வெண்ணெய் வருமேயன்றிப் பாற்கட்டி வாராது. ‘பாற்கட்டி’ என்பதே குறுகியது, பொருளும் பிழையாதது.

இனி நோன்பாளருக்கு வருவோம். மேலைநாட்டுப் பாற்கட்டிகள் பலவற்றை உறைய வைக்க, ‘ரென்னெட்’ என்னும் பொருளைத் தொன்றுதொட்டுப் பயன்படுத்தினர். அது பால்குடி மறவாத கன்றின் நான்காம் இரைப்பையினின்றும் எடுக்கப்பெறுவது. கன்றை அறுக்காமல் அது கிடைப்பதில்லை. 1990-இல் நுண்ணுயிர்களின் வழி அப்பொருளை உண்டாக்கும் முறைக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. இன்று பல கட்டிகள் அவ்வாறு செய்யப்பெறுகின்றன. செடிச்சாற்றால் உறைந்தவையும் உண்டு. ஆயினும் கன்றின் பொருளால் உறைந்தவை கடைகளிலிருந்து மறைந்துவிடவில்லை. இந்நாட்டு முஸ்லிம் அன்பர்களும் பாற்கட்டியின் உறையை நோக்கியே வாங்குவர். எவ்விலங்கினது, எவ்வாறு அறுக்கப்பெற்றது என்பது அவர்கள் வினா. நோன்பாளர் வினா இன்னும் எளியது: விலங்கினதா, அன்றா?

இந்தியமுறைப் பனீர் புளிப்பினால் திரிக்கப்படுவதால் இவ்வினா அங்குப் பெரும்பாலும் எழுவதில்லை. ஆனால் பெயரின் பிறப்பிடத்தில் அப்படியன்று. பாரசீகத்தில் உறைப்பொருளுக்கே ‘பனீர்மாயே’ என்பது பெயர். கன்றின் இரைப்பைப் பொருளையும் அது குறிக்கும். ஈரானியர் காலையில் ரொட்டியோடு உண்ணும் வெள்ளைப் பனீர் உறையிட்டுச் செய்வது. ஆகவே சொல் ஒன்றாயினும், இந்தியாவில் அது பொருள் சுருங்கிய பின்னரே சைவ உணவாளருக்கு நம்பத்தக்க பெயராயிற்று. அச்சுருங்கிய பொருளைக் காப்பது நம் கையில் உள்ளது. இரண்டையும் பாலாடைக்கட்டி என்று ஒரே பெயரால் எழுதினால் அந்த எல்லை அழியும். பன்னீர் என்று எழுதினாலோ அது பாற்பண்டம் என்பதே மறையும்.

ஆதலின் மாணவன் எழுதிய ‘பன்னீர்க் குருமா’வை ஆசிரியர் ‘பனீர்க் குருமா’ என்று திருத்துவதே தக்கது. மணநீருக்கும் இலை விபூதி மரத்துக்கும் பன்னீர் இருக்கட்டும். மருந்துக் கடைக்காரர் அந்தக் காயைப் ‘பனீர்க் காய்’ என்று எழுதிவைத்தால் நீரிழிவுக்காரர்கள் நன்றி சொல்லுவர். பீட்சாவின் மேல் உருகி இழையும் பண்டத்தை உணவகத்தார் ‘பாற்கட்டி’ என்று எழுதட்டும். அதைக் கண்ட நோன்பாளர் பணியாளரை அழைத்து, “இதற்கு என்ன உறை விட்டது?” என்று கேட்பார். பணியாளர் உள்ளே சென்று பொட்டலத்தைப் பார்த்து வந்து சொல்ல வேண்டியிருக்கும்.